ஃபெட் வட்டியைக் குறைத்தது, என் வீட்டுக் கடன் வட்டி ஏன் ஏறியது?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இருவருமே சாஃப்ட்வேர், இருவருமே எச்-1பி வேலை விசா. இரண்டு சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 2,40,000 டாலர் அளவில் வரும். 2024 செப்டம்பரில் ஃபெட் (அமெரிக்க மத்திய வங்கி) வட்டியைக் குறைத்ததும் வீடு பார்க்க ஆரம்பித்தோம், இன்னும் குறையட்டும் என்று காத்திருந்தோம். ஃபெட் மேலும் இரண்டு முறை குறைத்தது. வங்கியோ ஜனவரியில் 7 சதவீதத்துக்கு மேல் கேட்டது! அன்றிலிருந்து வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். அதிபர் ஃபெட்டை வழிக்குக் கொண்டுவந்துவிடுவார், வட்டி 3-க்கு வரும், பொறு என்கிறார் கணவர். மாமனார் கோவையில் காலையில் டிவி பார்த்துவிட்டுக் கூப்பிட்டு, எங்கே பார்த்தாலும் போர், அமெரிக்கா படுத்துவிடும், வீடு வேண்டாம்மா என்கிறார். தோழிகளோ, டாரிஃபால் (இறக்குமதி வரியால்) எல்லாம் விலை ஏறப்போகிறது, உடனே வாங்கு என்கிறார்கள். இப்போது 6,00,000 டாலர் கடனுக்கு 6.25 சதவீதம் கிடைக்கிறது. ஒரு பாயிண்ட் வாங்கச் சொல்கிறார் புரோக்கர், அதாவது கடனில் ஒரு சதவீதத்தை முன்கூட்டியே கட்டி வட்டியைக் குறைத்துக்கொள்வது. இந்த வட்டியை உண்மையில் யார்தான் முடிவு செய்கிறார்கள்? நாங்கள் எந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பட்டிமன்றத்தில் மூன்று அணிக்கும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் குடும்பத்தின் பணத்தை நேராகத் தொடும் இரண்டு மூன்று அரசு முடிவுகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அங்கே கடைசியில் வருகிறேன். முதலில் உங்களைக் குழப்பிய அந்த 2024 கணக்கு.

செப்டம்பர் 18 அன்று ஃபெட் அரை சதவீதம் குறைத்தது. நவம்பரில் கால், டிசம்பரில் கால். ஆக மூன்று கூட்டங்களில் ஒரு முழு சதவீதம். 30 ஆண்டு வீட்டுக் கடனின் நாடு தழுவிய சராசரி வட்டியை ஃப்ரெடி மேக் என்ற வீட்டுக் கடன் நிறுவனம் வாரந்தோறும் வெளியிடுகிறது. செப்டம்பர் கடைசியில் அது 6.08. ஜனவரி நடுவில் 7.04. உங்கள் 6,00,000 டாலர் கடனுக்கு மாதத் தவணை 3,628 டாலராக இருந்திருக்க வேண்டியது 4,008 ஆகிவிட்டது. மாதம் 380 டாலர் கூடுதல், அதுவும் ஃபெட் "குறைத்த" காலத்தில்.

ஃபெட் நேரடியாக நிர்ணயிப்பது, வங்கிகள் தங்களுக்குள் ஒரே ஓர் இரவுக்குக் கைமாற்றும் பணத்தின் வட்டியை மட்டும்தான். கிரெடிட் கார்டு, ஹெலாக் (வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போது எடுக்கும் கடன்) போன்றவை அதை ஒட்டி நகரும். 30 ஆண்டு வீட்டுக் கடனின் கதை வேறு. வங்கி உங்களுக்குக் கடன் கொடுத்த கையோடு அதை விற்றுவிடும். ஃபேனி மேயும் ஃப்ரெடி மேக்கும் அதை இன்னும் பல கடன்களோடு சேர்த்து மூட்டை கட்டிப் பத்திரமாக்கி சந்தையில் விடுகின்றன. அதை வாங்குகிறவர் யார்? ஓய்வூதிய நிதி, இன்சூரன்ஸ் கம்பெனி, வெளிநாட்டு மத்திய வங்கி. அவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: இதே பணத்தை அமெரிக்க அரசுக்கே 10 ஆண்டுக் கடனாகக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? அரசை நம்பிக் கொடுப்பதைவிட உங்களை நம்பிக் கொடுக்க ஒன்றரை, இரண்டு, சில காலங்களில் இரண்டரை சதவீதம்கூட அதிகம் எதிர்பார்ப்பார்கள். கடன் 30 ஆண்டு என்றாலும் நடுவில் வீட்டை விற்பவர்களும், புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைக்கும் ரீஃபைனான்ஸ் செய்பவர்களும் அதிகம். அதனால்தான் 10 ஆண்டுப் பத்திரம் அளவுகோலாக இருக்கிறது.

அந்த 10 ஆண்டுப் பத்திரத்தின் வட்டி 2024 செப்டம்பர் நடுவில் 3.6 சதவீத அளவில் இருந்தது. ஜனவரி நடுவில் 4.8. ஃபெட் இறக்கிக்கொண்டிருந்தபோது சந்தை ஏற்றியதற்குக் காரணம் ஒன்றல்ல. அக்டோபர் தொடக்கத்தில் வந்த வேலைவாய்ப்புக் கணக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. பொருளாதாரம் தளரவில்லை என்றால் ஃபெட் தொடர்ந்து குறைக்காது. நவம்பரில் தேர்தல். டிரம்ப் வென்றால் வரிக் குறைப்பு வரும், டாரிஃப் வரும், ஒன்று அரசின் வரவு செலவுப் பற்றாக்குறையைக் கூட்டும், மற்றது விலையைக் கூட்டும் என்று சந்தை முன்கூட்டியே கணக்குப் போட்டது. ஏற்கெனவே 2024 நிதியாண்டின் பற்றாக்குறை 1.8 லட்சம் கோடி டாலர். பழைய கடனுக்கு வட்டி கட்டவே அந்த ஆண்டில் சுமார் 88,000 கோடி டாலர் போனது; ராணுவச் செலவைவிட அது அதிகம். இவ்வளவு பத்திரத்தை விற்க வேண்டிய அரசு, வாங்குபவருக்குக் கூட்டித்தான் கொடுத்தாக வேண்டும். அரசு எந்த விலைக்குக் கடன் வாங்குகிறதோ அதற்கு மேலேதான் நீங்கள் வாங்க முடியும்.

ஆகவே யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: பற்றாக்குறை, தேர்தல், போர், டாரிஃப், ஃபெட்டின் மேல் நம்பிக்கை எல்லாம் வந்து சேரும் இடம் அந்த 10 ஆண்டுப் பத்திரம். ஒரே ஓர் எண்ணைத்தான் பார்ப்பேன் என்றால் அதைப் பாருங்கள். ஃபெட் கூட்டத்தன்று ராத்திரி கண்விழித்துப் பயனில்லை.

இப்போது உங்கள் கணவரின் வாதம். ஃபெட்டை அதிபர் அடக்கிய காலம் உண்மையிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது போர்க் கடனை மலிவாக வைக்க, நீண்டகால அரசுப் பத்திரத்தின் வட்டி 2.5 சதவீதத்தைத் தாண்டாமல் ஃபெட் பிடித்து வைத்தது. சந்தையில் யாரும் வாங்காத பத்திரத்தைத் தானே வாங்கிக்கொள்வதுதான் வழி. வாங்கும் பணம் புதிதாக உண்டாக்கும் பணம். போர் முடிந்து விலைக் கட்டுப்பாடுகளை எடுத்ததும், 1947 வசந்தத்தில் பணவீக்கம் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தொட்டது. கொரியப் போர் வந்தபோதும் அதே ஏற்பாட்டைத் தொடரச் சொன்னார் அதிபர் ட்ரூமன். ஃபெட் மறுத்தது. 1951 மார்ச்சில் கருவூலத் துறைக்கும் ஃபெட்டுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. கருவூலத்தின் சார்பில் பேச்சு நடத்திய வில்லியம் மெக்செஸ்னி மார்ட்டினையே ட்ரூமன் ஃபெட் தலைவராக்கினார், நம் ஆள் என்று நினைத்து. மார்ட்டின் அங்கே போய் ஃபெட்டின் ஆளாகிவிட்டார். இன்று நாம் சொல்லும் ஃபெட்டின் சுதந்திரம் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தது இல்லை. அந்த 1951 சண்டையில் பிறந்த வழக்கம்.

அடுத்து அதிபர் நிக்சன். 1972 தேர்தலுக்கு முன் வட்டியைத் தளர்த்தி வைக்கும்படி அவர் ஃபெட் தலைவர் ஆர்தர் பர்ன்ஸை எப்படி நெருக்கினார் என்பது வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களிலேயே பதிவாகியிருக்கிறது. 1971 ஆகஸ்டில் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை வெட்டினார், சம்பளத்தையும் விலையையும் 90 நாள் உறைய வைத்தார். தேர்தலில் அமோக வெற்றி. 1974 முடிவதற்குள் பணவீக்கம் 12 சதவீதத்தைத் தாண்டியது. அந்தப் பத்தாண்டின் கணக்கைத் தீர்த்தவர் 1979-ல் ஃபெட்டுக்கு வந்த பால் வோல்க்கர். 1981 அக்டோபரில் வீட்டுக் கடன் வட்டி 18 சதவீதத்துக்கு மேல் போனது. வேலை இல்லாமல் போன கட்டடக்காரர்கள், வீடு கட்டும் மரச் சட்டங்களைத் தபாலில் ஃபெட் அலுவலகத்துக்கே அனுப்பி வைத்தார்கள். அடுத்த ஆண்டு முடிவில் வேலையின்மை 10.8 சதவீதம்.

2025 முழுக்க, வட்டியைக் குறைக்கச் சொல்லி அன்றைய ஃபெட் தலைவர் பவல் மீது நடந்த அழுத்தத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். ஃபெட் அரசியலுக்குப் பணிந்துவிட்டது என்று பத்திரம் வாங்குபவர் நம்பினால், நாளைய பணவீக்கத்துக்கும் சேர்த்து இன்றே வட்டி கேட்பார். அதாவது உங்கள் கணவர் ஆசைப்படுவது நடந்தால், ஓர் இரவு வட்டி இறங்கி 30 ஆண்டு வட்டி ஏறலாம். 2024-ல் பார்த்த அதே காட்சிதான், இன்னும் பெரிய அளவில்.

அந்த 3 சதவீதம் எப்படி வந்தது என்பதையும் அவரிடம் கேளுங்கள். வரலாற்றிலேயே குறைந்த 2.65 சதவீதம் 2021 ஜனவரியில் வந்தது. அதற்கு ஒரு பெருந்தொற்று வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் வேலையின்மை 14.8 சதவீதம். ஃபெட் மாதம் 4,000 கோடி டாலர் என்ற கணக்கில் வீட்டுக் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்தது. வட்டி மறுபடி 3-க்கு வரும் நாளில் உங்கள் இருவரின் வேலையும் அப்படியே இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? அந்த மலிவுக் கடன்தான் இன்று எடிசனில் உங்களுக்கு வீடு கிடைக்காததற்கும் ஒரு காரணம். 2.75-க்கு வாங்கியவர் அதை விட்டுவிட்டு 6.25-க்குப் போக மனம் இல்லாமல், இடம் போதாவிட்டாலும் அதே வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். 2020-ன் கொள்கை இன்னும் பல ஆண்டுகளுக்கு உங்கள் தெருவில் குடியிருக்கும்.

உங்கள் மாமனாரின் போர் பயத்துக்கு வருவோம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அவர் சொல்வதுதான் நடந்தது. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்தது சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. நம்பர் பிளேட் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து பெட்ரோல் ஊற்றினார்கள். இன்று அமெரிக்கா நாளொன்றுக்கு 1.3 கோடி பீப்பாய்க்கு மேல் எடுக்கும், உலகிலேயே முதலிடம். விலை ஏறினால் எடிசனில் நீங்கள் அழுவீர்கள், எண்ணெய் எடுக்கும் டெக்சாஸ் மிட்லண்டில் சிரிப்பார்கள். ஆனாலும் பங்க்கில் போட்டிருக்கும் விலை உலக விலைதான். உக்ரைன் போருக்குப் பிறகு 2022 ஜூனில் நாடு முழுக்க கேலன் சராசரி 5 டாலரைத் தாண்டியது, பணவீக்கம் 9.1 சதவீதம். பைடன் அவசரகாலச் சேமிப்பிலிருந்து 18 கோடி பீப்பாய் விடுவித்தார். ஃபெட்டோ 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50-க்குக் கொண்டுபோனது. பழி முழுவதையும் போர் மேல் போடக் கூடாது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் இரண்டு கட்சிகளும் லட்சம் கோடிக் கணக்கில் இறைத்த நிவாரணப் பணமும் சேர்ந்தது.

ஆனால் உலகம் கலங்கும்போது அமெரிக்க வட்டி இறங்குவதும் உண்டு, இதை உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள். எங்கே இடி விழுந்தாலும் பணக்காரர்களின் பணம் ஓடி ஒளியும் இடம் அமெரிக்க அரசுப் பத்திரம். 2016 ஜூனில் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலக வாக்களித்தது. இரண்டு வாரத்தில் இங்கே 10 ஆண்டு வட்டி 1.4-க்குக் கீழே வந்தது. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் கடன் தரத்தையே எஸ் அண்ட் பி என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் குறைத்தது. அப்போதும் பணம் அமெரிக்கப் பத்திரத்துக்குள்தான் ஓடிவந்தது! விதிவிலக்காக என் தொழிலில் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது 2025 ஏப்ரல். 2-ம் தேதி டாரிஃப் அறிவிப்பு வந்தது. முதல் இரண்டு நாள் வழக்கம்போல் பங்குச் சந்தை சரிந்து பத்திரத்துக்குள் பணம் வந்தது. அடுத்த வாரம் பங்கு, பத்திரம், டாலர் மூன்றையுமே விற்றார்கள். 10 ஆண்டு வட்டி 4 சதவீத அளவிலிருந்து ஒரே வாரத்தில் 4.5-க்குப் போனது. 9-ம் தேதி பெரும்பாலான நாடுகளுக்கு 90 நாள் தள்ளி வைத்தார் அதிபர். பத்திரச் சந்தையைக் கவனித்துக்கொண்டிருந்ததாக அவரே சொன்னார். காங்கிரஸ் தடுக்காததைப் பத்திரச் சந்தை ஒரு வாரத்தில் தடுத்தது. குழப்பத்தின் ஊற்று அமெரிக்காவே என்றால் ஓடி ஒளியும் இடமும் அமெரிக்காவாக இருக்குமா என்ற கேள்வி அன்றிலிருந்து போகவில்லை.

டாரிஃபால் விலை ஏறும் என்று உங்கள் தோழிகள் சொல்வது சரி, ஆனால் எங்கே ஏறும் என்பது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. நீங்கள் எப்படியும் வாங்கப்போகும் பொருளையே எடுத்துக்கொள்வோம். 2018 ஜனவரியில் வெளிநாட்டு வாஷிங் மெஷின்களுக்கு டாரிஃப் போட்டார்கள். ஃபெட்டையும் சிகாகோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் பிறகு கணக்கெடுத்தார்கள். வாஷர் விலை சுமார் 12 சதவீதம், அதாவது 86 டாலர் ஏறியிருந்தது. டிரையர் 92 டாலர் ஏறியிருந்தது. டிரையருக்கு டாரிஃபே கிடையாது! ஜோடியாக விற்கும் பொருள் என்பதால் கடைக்காரர்கள் ஏற்றத்தை இரண்டிலும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். உள்ளூர்த் தயாரிப்புகளும் கூடவே ஏறின. பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாம்சங் தென் கரோலினாவிலும் எல்ஜி டென்னசியிலும் ஆலை திறந்தன, சுமார் 1,800 வேலைகள் வந்தன. ஒரு வேலைக்கு நுகர்வோர் கொடுத்த விலை ஆண்டுக்கு 8,15,000 டாலர் என்று அந்த ஆய்வு முடித்தது. இதற்காக அவசரப்பட்டு வீடு வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். வேண்டுமானால் வாஷரை முன்கூட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாதவை.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டத்தில், மாநில வரியையும் சொத்து வரியையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் உச்சவரம்பை, சால்ட் என்பார்களே அதை, 10,000-லிருந்து 40,000 டாலராக்கினார்கள். எடிசன் பக்கம் நீங்கள் பார்க்கும் வீட்டுக்குச் சொத்து வரி 14,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சம்பளத்துக்கு நியூ ஜெர்சி வருமான வரி சுமார் 11,000. மொத்தம் 25,000. பழைய சட்டத்தில் 10,000-தான் கழியும். இப்போது முழுவதும் கழியும். கூடுதலாகக் கழியும் 15,000-க்கு, உங்கள் 22 சதவீத வரி அடுக்கில், ஆண்டுக்கு 3,300 டாலர் மிச்சம். மாதம் 275. முன்னால் சொன்ன அந்த முழு சதவீத வட்டி ஏற்றத்தால் கூடிய 380 டாலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைப் பற்றி எந்த டிவியிலும் பட்டிமன்றம் நடக்கவில்லை. ஆனால் கவனம்: இந்தச் சலுகை 2029 வரைதான், 2030-ல் மறுபடி 10,000-க்கு இறங்கும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் கடன் 30 ஆண்டு. அந்த 275-ஐ நம்பி வீட்டின் அளவைக் கூட்டாதீர்கள்.

இப்படிக் காலாவதித் தேதி போட்டுச் சட்டம் எழுதுவது அமெரிக்க அரசியலின் தனிக் கலை. செனட்டில் 60 வாக்கு கிடைக்காதபோது, வெறும் பெரும்பான்மையிலேயே நிறைவேற்றும் ஒரு குறுக்கு வழி உண்டு. அதற்குப் பத்தாண்டுப் பற்றாக்குறை கட்டுக்குள் இருப்பதாகக் காகிதத்தில் காட்ட வேண்டும். 2017-ல் கார்ப்பரேட் வரியை 35-லிருந்து 21-க்கு இறக்கியபோது கணக்கைச் சரிக்கட்ட ஒரு சிறு பிரிவைச் செருகினார்கள். மென்பொருள் உருவாக்கும் செலவை அந்த ஆண்டே கழிக்கக் கூடாது. உள்நாட்டில் என்றால் 5 ஆண்டு, வெளிநாட்டில் செய்தால் 15 ஆண்டு என்று பரப்பித்தான் கழிக்க வேண்டும். அமல் 2022-லிருந்து. அதற்குள் யாராவது மாற்றிவிடுவார்கள் என்பது எண்ணம். யாரும் மாற்றவில்லை. 10,00,000 டாலர் வருமானம், புரோகிராமர்களுக்கு 10,00,000 சம்பளம், லாபம் பூஜ்யம் என்று இருக்கும் சிறு கம்பெனி முதல் ஆண்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் கழிக்க முடிந்தது. மீதி 9,00,000-க்கு 21 சதவீத வரி, 1,89,000 டாலர். கையில் காசே இல்லாமல் வரி! 2022, 2023 லேஆஃப்களுக்கு ஏறிய வட்டியும் கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும்தான் முதல் காரணங்கள். ஆனால் சிறு கம்பெனிகளை அழுத்தியதில் இந்தப் பிரிவுக்கும் பங்கு உண்டு. 2025 சட்டம் உள்நாட்டுச் செலவுக்கு இதை நீக்கிவிட்டது. அமெரிக்க நிறுவனம் தன் செலவில் சென்னையிலோ பெங்களூரிலோ செய்யும் வேலைக்கு அந்த 15 ஆண்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் இருவரின் சம்பளத்துக்கும் ஃபெட் கூட்டத்தைவிட இது நெருங்கிய செய்தி.

விசா விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள். 2025 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். இங்கே இருப்பவர்கள் நீட்டிப்பதற்கு அது பொருந்தாது என்ற தெளிவு பிறகுதான் வந்தது. இடைப்பட்ட நாட்களில் ஊருக்குப் போயிருந்தவர்கள் பட்ட பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்பே, மே 25 முதல், எஃப்எச்ஏ (அரசு வீட்டுக் கடன் காப்பீட்டு அமைப்பு) காப்பீட்டுக் கடனைக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். உங்கள் 6.25 ஃபேனி, ஃப்ரெடி வகைக் கடனாக இருந்தால் பாதிப்பு இல்லை. எந்த வகை என்று புரோக்கரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

வாங்கலாமா? 30 ஆண்டு நிலைவட்டிக் கடன் உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு, அது தானாக முளைத்ததும் இல்லை. 1930-களுக்கு முன் இங்கே வீட்டுக் கடன் ஐந்து, பத்து ஆண்டுதான். முடிவில் அசல் மொத்தமும் கட்ட வேண்டும். பெருமந்தத்தில் அதைக் கட்ட முடியாமல், 1933-ல் நாளுக்கு ஆயிரம் வீடுகள் என்ற கணக்கில் பறிபோயின. அதற்குப் பிறகு ரூஸ்வெல்ட் அரசு 1934-ல் எஃப்எச்ஏவையும் 1938-ல் ஃபேனி மேயையும் உண்டாக்கித் தவணை முறை நீண்டகாலக் கடனை நாட்டில் வேரூன்ற வைத்தது. அதன் பயன் ஒருதலையானது, உங்கள் பக்கம் சாய்ந்தது. வட்டி 9-க்குப் போனாலும் நீங்கள் கட்டுவது 6.25. வட்டி 5-க்கு இறங்கினால் ரீஃபைனான்ஸ் செய்யலாம். அதற்கு அபராதமும் கிடையாது, ஓரிரு சதவீதச் செலவு மட்டும் வரும். ட்ரூமன், நிக்சன், போர், டாரிஃப் என்று நான் எழுதிய அத்தனை காற்றிலிருந்தும் உங்கள் தவணையைக் காப்பது அந்தப் பழைய சட்டங்கள்தான். ஆகவே வட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நிலைவட்டி உங்கள் தவணையைக் காக்கும், சம்பளத்தைக் காக்காது. 6.25-ல் தவணை 3,694. சொத்து வரியும் இன்சூரன்ஸும் சேர்த்தால் மாதம் 5,000 டாலரைத் தொடும். உங்கள் இருவரில் குறைந்த சம்பளம் ஒன்றில் மட்டும் அதைக் கட்டிச் சாப்பிடவும் முடியுமா என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். முடியாது என்றால் சிறிய வீடு பாருங்கள், அல்லது இன்னும் ஓர் ஆண்டு வாடகையில் இருங்கள். முடியும் என்றால், முன்பணம் கட்டிய பிறகும் ஒன்பது மாதத் தவணை தனியாகக் கையில் இருக்கும்படி வாங்குங்கள். வேலைக்கு 60 நாள் கெடு இருக்கிறவர்களுக்கு வழக்கமான ஆறு மாதக் கணக்கு போதாது. அவசரத்தில் வீட்டை விற்கவே நான்கைந்து மாதம் ஆகிவிடும்.

கடைசியாக அந்த பாயிண்ட். ஒரு பாயிண்ட் என்றால் உங்களுக்கு 6,000 டாலர். அதற்குக் கால் சதவீதம் குறைத்து 6 சதவீதம் கொடுப்பார்கள் என்று வைத்தால், தவணை 3,597. மாதம் 97 டாலர் மிச்சம். போட்ட 6,000 திரும்ப 62 மாதம் ஆகும். அதற்குள் ரீஃபைனான்ஸ் செய்தாலோ ஊர் மாறினாலோ அந்தப் பணம் போனதுதான். உங்கள் விசா நிலையில் நான் வாங்க மாட்டேன். அதே 6,000-ஐ அந்த ஒன்பது மாதச் சேமிப்பில் போடுங்கள். மூன்று இடங்களில் ஒரே நாளில் லோன் எஸ்டிமேட் (வட்டியும் செலவுகளும் எழுதிய தாள்) வாங்குங்கள். வட்டி நாளுக்கு நாள் மாறுவதால் வெவ்வேறு நாள் தாள்களை ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டாம் பக்கத்தில் ஏ பிரிவைப் பாருங்கள். நீங்கள் கேட்காத பாயிண்ட் ஒன்று அங்கே ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறதா, இந்த 6.25 அதையும் சேர்த்துத்தானா என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும்.